பதின்மூன்று அங்குலத் திரை

பண்டாரவளை
12 பெப்ரவரி 2024

அன்புள்ள மருமகள் நிஷாலினிக்கு மாமா மாணிக்கராஜ் எழுதுவது.

ஆண்டவர் தயவில் எழுந்து நடமாடுகிறேன். காதுதான் முன்னைவிட மந்தம். சென்ற வாரம் நீ தொலைபேசியில் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டாருக்குக் கேட்டிருக்கிறது. ஆகவே கடிதமே நல்லது. உன் அம்மா அகஸ்டினாவின் முழங்கால் வலி எப்படி? பதுளைக்குப் போனால் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அலுவலகம் தரும் மடிக்கணினிக்கு எந்த அளவுத் திரையைக் கேட்பது, ஹல்துமுல்லையில் பார்க்கக் கடையில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். இக்கடிதத்தில் வருவன:

1. அளவை எப்படி எடுக்கிறார்கள்
2. சுமை
3. மேசை
4. பார்ப்பவர்
5. முடிவு

முதலாவது. அகலத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, மூன்று அட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டு ஷிபானின் கணினிக் கடைக்குப் போனேன். அவை பிழை. மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து திரும்ப வெட்டினேன். நான்காம் நாளும் போனபோது ஷிபான், "சேர், நீங்க லெப்டொப் பாக்க வாறீங்களா, பொண்ணு பாக்க வாறீங்களா? பொண்ணு வீட்டுலகூட இத்தனை தடவை விடமாட்டாங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

இரண்டாவது. 15.6 அங்குலம் ஏறத்தாழ இரண்டு கிலோ, 13.3 அங்குலம் ஒன்றே கால். இரண்டு எடைக்கும் அரிசி நிறுத்துப் பையில் போட்டு, தெமோதரை நிலையத்திலிருந்து மேலே பஸ் ரோட்டுக்கு இரண்டு முறை ஏறிப் பார்த்தேன். முக்கால் கிலோ என்பது கடையில் ஒன்றுமில்லை. ஏற்றத்தில் அது ஒரு குழந்தை. நீயோ ஒவ்வொரு நாளும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக ஏறுகிறவள்.

மூன்றாவது. லயத்தில் மேசை கிடையாது, முழங்காலில் வைத்துத்தான் தட்டச்சு செய்கிறேன் என்று முன்பு எழுதினாய். பெரியது முழங்காலில் நிற்காது.

நான்காவது. திரையைப் பார்ப்பவர் வேலை செய்பவர் ஒருவர்தான். எதிரில் இருப்பவருக்குத் தெரிவது மூடியின் முதுகு. ஒருவருடைய கண்ணுக்குப் பதின்மூன்று போதும்.

ஐந்தாவது. ஆகவே 13.3. ஆனாலும் நான் சொல்வது பிழையாக இருக்கலாம். எனக்கு எப்போதும் அந்தச் சந்தேகம் உண்டு.

பனிக்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் நலம் வேண்டும்,
மாமா

●

ஹல்துமுல்லை
3 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள். வலி மாறவில்லை, வாசனைதான் மாறியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். அரிசி மூட்டையோடு நீங்கள் தெமோதரை ஏற்றத்தில் ஏறியதைக் கேட்டு, என்னோடு வேலை செய்யும் றொனி எழுந்து நின்று கை தட்டினான். 13.3தான் வாங்கினேன். இறகு மாதிரி இருக்கிறது. றொனி 15.6 எடுத்து, முதல் நாளே தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

என் வேலையை நீங்கள் கேட்டதேயில்லை, நானே சொல்கிறேன். தோட்டத்தில் புது வீடு கிடைத்தவர்களுக்கு இப்போது வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். உறுதிக்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு இரண்டு இடத்திலும் இரண்டு பெயர். அதைச் சரிப்படுத்த, பழைய தோட்டப் பதிவேடுகளைப் படமெடுத்துக் கணினியில் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துப் படிவம் நிரப்புவதுதான் என் பாடு. ஓகஸ்ட் 30க்குள் முடிக்காதவர்கள் இந்தச் சுற்றில் உறுதி வாங்க முடியாது. அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் செம்பாறைத் தோட்டம். அங்கே கருப்பம்மா என்று ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, தேயிலைக் கொழுந்து எடுப்பவர், புருஷன் இல்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர் என்ன தெரியுமா? விஜயலெட்சுமி. அவரிடம் சொன்னேன். "நானா? விஜயலெட்சுமியா? அய்யோ மிஸ், எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பாரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரிக்கும் விஷயமில்லை, மாமா. விஜயலெட்சுமியும் கருப்பம்மாவும் ஒரே ஆள் என்று காட்டாவிட்டால் வீடு அவர் பெயருக்கு வராது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்
நிஷாலினி

●

பண்டாரவளை
19 ஏப்ரல் 2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

பதில் தாமதமாயிற்று. காய்ச்சல் என்று சொல்ல மாட்டேன், காய்ச்சல் இல்லை. நலமாகவே இருக்கிறேன். பெரிய வெள்ளி வழிபாட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு என் அன்பு.

கணினி வசதியாக இருப்பது மகிழ்ச்சி. மழைக்குப் பையின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள். மூடியைத் திறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காதே, நடுவில் பிடி.

பழைய பதிவேடுகள் எல்லாமா இன்னும் இருக்கின்றன? கறையான் தின்றிருக்கும் என்று நினைத்தேன்.

மாமா

●

ஹல்துமுல்லை
22 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சிறியதாக வந்ததால் உடம்புக்கு ஏதோ என்று அம்மா பயப்படுகிறார். உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு, வேறொன்றுமில்லை.

பதிவேடுகளைக் கறையான் தொடவில்லை. அவ்வளவு ஒழுங்காகத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். சிக்கல் என் திரையில்தான். பதிவேட்டுப் பக்கம் மிக அகலம். அதை ஒரு பாதியிலும் படிவத்தை மறு பாதியிலும் வைத்தால் எழுத்து கடுகாகிவிடுகிறது. பெரிதாக்கினால் ஒரு பெயர் தெரிகிறது, பக்கத்துப் பெயர் ஓடிவிடுகிறது. இரண்டு வருடத்துப் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் யார் எழுதினார், எப்படி எழுதினார் என்று பிடிபடும். அதற்கு இடமே இல்லை.

நேற்றுக் கருப்பம்மா என் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "எம்பேரு எங்க மிஸ்? இதுவா? எறும்பு ஊருற மாதிரியில்ல இருக்கு. ஆபீஸ்ல நம்மள எப்பவும் இப்படித்தான் எழுதுறாங்களோ?" என்றார்.

கணினியை ஜூன் 15 வரை மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சுமப்பது என் தோள், அது பழகிவிடும். ஆனாலும் நீங்கள் அளந்து பார்த்தவர், உங்களைக் கேட்காமல் மாற்ற மனமில்லை. ஒரு வார்த்தை எழுதுங்கள். பதின்மூன்றா, பதினைந்தரையா?

நிஷாலினி

●

பண்டாரவளை
8 ஜூன் 2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

நீ கேட்டதை யோசித்தேன். பதின்மூன்றையே வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. (1) தென்மேற்கு மழை தொடங்கிவிட்டது, பெரிய பை நனையும். (2) ஒரு பொருளுக்குப் பழகிய கையை இடையில் மாற்றினால் வேலை சுணங்கும். (3) பழைய கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதில் பெரிய பயன் எதுவும் இராது. அந்தக் காலத்துக் கிளாக்கர்மார் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்.

மாமா

●

ஹல்துமுல்லை
14 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாற்றாமல் வைத்துக்கொண்டேன். தடிமன் போய்விட்டது. அம்மா பண்டாரவளைச் சந்தைக்கு வந்தபோது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாராம், திறக்கவில்லையாம். காது காரணமாக இருக்கும்.

கருப்பம்மாவின் கதை இப்போது முழுவதும் தெரியவந்திருக்கிறது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு முடிச்சேன் மிஸ். டவுன் பள்ளிக்கூடத்துல சேக்க பொறந்த கடுதாசி கேட்டாங்க. எங்கப்பா பொன்னையா ஆபீஸ்ல குடுத்த கடுதாசிய எடுத்துட்டுப் போனாரு. அங்க வாத்தியாரு படிச்சுப் பாத்துட்டு, 'இது விஜயலெட்சுமியோடது, உன் பொண்ணு கருப்பம்மால்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. வேற புள்ளயோட கடுதாசிய மாத்திக் குடுத்துட்டாங்கன்னு எங்கப்பா ரெண்டு தடவ ஆபீசுக்குப் போனாரு. அங்கன இருந்த கிளாக்கரு, சரியான கடுதாசிதான், கொண்டு போன்னுட்டாரு. அதோட சரி. மறுமாசமே கூடையத் தூக்கிட்டேன்."

"கோபம் வரல்லையா?" என்று கேட்டேன். "யாரு மேல கோவப்படுறது மிஸ்? அந்த விஜயலெட்சுமி மேலதான் வந்துச்சு. எங்கயோ ஒருத்தி என் கடுதாசிய வச்சுக்கிட்டுப் படிச்சு டீச்சராகிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பிரதேச செயலகத்தில் ஒரு வழி சொல்கிறார்கள். அந்தப் பதிவை எழுதியவரோ, எழுதியதை நேரில் அறிந்தவரோ வந்து சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும். தோட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. நீங்களும் பழைய கிளாக்கர். எழுபதுகளில் செம்பாறை ஆபீசில் இருந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெமோதரைத் தோட்டத்தில் உங்களோடு வேலை செய்தவர்களில் யாராவது அங்கிருந்து வந்தவர்களா? ஒரு பெயர் கிடைத்தால்கூடப் போதும், நானே தேடிப் போகிறேன். இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது.

நிஷாலினி

●

பண்டாரவளை
2 ஓகஸ்ட் 2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

நலம்தான். அம்மா வந்தது தெரியாது, மன்னிக்கச் சொல்.

நீ கேட்ட மாதிரி யாரும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள்.

மாமா

●

ஹல்துமுல்லை
11 ஓகஸ்ட் 2024

மாமாவுக்கு,

றொனியின் கணினியை இரண்டு நாள் இரவல் வாங்கினேன். செம்பாறைப் பதிவேட்டின் 1972ஆம், 1975ஆம் வருடப் பக்கங்களை அருகருகே வைத்தேன். பதினைந்தரை அங்குலத்தில் இரண்டும் நன்றாகத் தெரிகின்றன.

கருப்பம்மா ஒருவர் மட்டுமல்ல. தகப்பன் சொன்ன பெயர் ஒன்று, எழுதிய பெயர் வேறு என்று ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழும் ஒரே கை. இலக்கங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு சிறு கோடு இழுத்திருக்கிறது. மூன்று என்ற இலக்கத்துக்குத் தட்டையான தலை.

உங்கள் பெப்ரவரிக் கடிதம் மேசையில்தான் இருந்தது, அதே இலக்கங்களோடு, அதே கோடுகளோடு.

30ஆம் திகதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

நிஷாலினி

●

பண்டாரவளை
14 ஓகஸ்ட் 2024

நிஷாலினிக்கு,

நான் நலமா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன். நீ நலமாக இரு.

அந்தக் கை என்னுடையது. 1970 முதல் 1984 வரை செம்பாறையில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். அதன் பிறகுதான் தெமோதரைக்கு வந்தேன். அந்தப் பதினான்கு வருடங்களை வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

நடந்தது இதுதான். தோட்டத்து மேற்பிரிவின் செக்ரோலில், அதாவது சம்பளப் புத்தகத்தில், ஆறு கருப்பம்மா இருந்தார்கள். ஒரு சம்பள நாளில் ஒருத்தியின் சம்பளத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். பெரிய கிளாக்கர், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால் வைத்து, "இன்னொரு கருப்பம்மா புத்தகத்தில ஏறினா, உன்னை அந்தப் பொம்பளைங்களோட கொழுந்து எடுக்க அனுப்புவேன்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அடுத்த கிழமை பொன்னையா பிள்ளை பிறந்ததைச் சொல்ல வந்தார். பெயர் கருப்பம்மா என்றார். நான் தலையாட்டினேன். சுவரில் யாருடையதோ ஒரு கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. அதில் இருந்த மணமகளின் பெயரை எழுதினேன். வளர்ந்து வேலைக்கு வரும்போது புத்தகம் குழம்பாது என்று நினைத்தேன். அதை ஒரு நல்ல முறை என்றுகூட நினைத்தேன். பிறகு அதே முறையில் ஆறு பிள்ளைகளுக்குச் செய்தேன்.

பொன்னையா இரண்டு முறை வந்தது உண்மை. முதல் முறை, "ஐயா, இது எம்புள்ள கடுதாசி இல்லீங்க" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. உள்ளே பெரிய கிளாக்கர் இருந்தார். "தகப்பன் பேர் பொன்னையான்னு இருக்குதானே? கொண்டு போ" என்றேன். இரண்டாம் முறை மனைவியையும் அழைத்து வந்தார். அவர் வாய் திறக்க முன்பே ஜன்னலைச் சாத்தினேன். மறு வருடம் இடமாற்றம் கேட்டு எழுதினேன்.

இன்னொன்றும் உண்டு. முதலில் பதின்மூன்று அங்குலம் என்று எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அது யோசித்துச் சொன்னது. ஜூன் மாதம் எழுதியது அப்படியல்ல. நீ எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே, சின்னத் திரையை வைத்துக்கொள் என்று எழுதினேன். மழையையும் பையையும் காரணம் காட்டினேன். யாரும் நினைவில்லை என்று இம்மாதம் எழுதியதும் பொய்.

சத்தியக்கடதாசியை இங்கே ஒரு சமாதான நீதவானிடம் எழுதித் தபாலில் அனுப்பட்டுமா? அந்தப் பெண் முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மாணிக்கராஜ்

●

ஹல்துமுல்லை
17 ஓகஸ்ட் 2024

மாமா,

தபாலில் வேண்டாம். நேரில் வர வேண்டும் என்று செயலகத்தில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

22ஆம் திகதி காலை பஸ்ஸில் வாருங்கள். சந்தியில் நிற்கிறேன். முதலில் செம்பாறை லயம், பிறகுதான் செயலகம். கருப்பம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் வேலை.

அம்மாவிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்; ஏற்றம் நீளம்.

நிஷாலினி

●

பண்டாரவளை
2 செப்டெம்பர் 2024

அன்புள்ள நிஷாலினிக்கு,

கருப்பம்மாவின் விண்ணப்பம் 29ஆம் திகதி ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற உன் சிறு குறிப்பு கிடைத்தது. மற்ற ஆறு பேரில் இருவர் இப்போது இல்லை என்பதையும் வாசித்தேன். மிச்சம் நால்வரிடமும் நீ சொல்லும் நாளில் வருகிறேன். உன் அம்மாவிடம் நேற்று நானே போய்ச் சொன்னேன். அவள் நீண்ட நேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து போய் எனக்குச் சோறு போட்டாள்.

அன்றைய விஷயத்தில் நீ நேரில் இருந்தும் கவனித்திருக்க மாட்டாய் என்று நினைப்பதை மட்டும் எழுதுகிறேன். எனக்குக் காது மந்தம் என்பதால், ஒருவர் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே சில விஷயங்கள் எனக்கு அதிகமாகத் தெரிந்துவிடுகின்றன.

நான் சொல்லி முடித்ததும் கருப்பம்மா முதலில் சிரித்தார். "அடேங்கப்பா, அந்த டீச்சரு நாந்தானா? இத்தன வருஷமா அவள ஏசிக்கிட்டு இருந்தேனே!" என்றார். நீயும் சிரித்தாய். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அவருடைய வாய் சிரிப்பில் நிற்கவில்லை. மெல்ல மூடியது. பிறகு, "ஏங்க ஐயா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? வேற பேரு வைன்னு சொல்லியிருந்தா எங்கப்பா வச்சிருப்பாரே. ஜன்னலுக்கு அந்தாண்டதானே நின்னாரு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தார், குடித்தேன். குடித்திருக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான் நீ றொனியின் பெரிய கணினியை ஸ்டூலில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாய். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், விரலை எழுத்துக்கு எழுத்து நகர்த்தினார். அஞ்சாம் வகுப்புவரை படித்ததை ஐம்பத்திரண்டு வயதில் வெளியே எடுத்து, "பொன்... னை... யா" என்று வாசித்தார். தகப்பன் பெயர் சரியாகத்தான் இருந்தது. "இன்னும் பெருசாக்கு மிஸ்" என்றார். நீ பெரிதாக்கினாய். தகப்பனுடைய பெருவிரல் அடையாளம் திரை நிறைய வந்தது. நான் எழுதிய பெயருக்கு நேரே, அதை அறியாமல் அவர் வைத்த அடையாளம். கருப்பம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

நானும் அதைப் பார்த்தேன். அந்த விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தியது நான்தான்.

நீ கேட்காவிட்டாலும், பெப்ரவரியில் எழுதிய ஐந்து குறிப்புகளையும் திரும்ப வாசித்தேன். அளவு, சுமை, மேசை மூன்றும் சரியாகவே இருக்கலாம். ஏற்றத்தில் முக்கால் கிலோ இன்றும் முக்கால் கிலோதான். முடிவை நீயே எடுத்துக்கொள். ஆனால் திரையைப் பார்ப்பவர் ஒருவர்தான், எதிரில் இருப்பவருக்கு மூடியின் முதுகு போதும் என்று எழுதியிருந்தேன். பதினான்கு வருடம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எழுதியவன் அப்படித்தான் நினைப்பான். நான்காவது குறிப்பு பிழை.

மாமா